ஓ.டி.ஏ. ஹானர் கோட்: பக்கத்துக் கட்டில்காரர் தப்பு செய்தால் சொல்லியே தீர வேண்டுமா?

ஆதம்பாக்கம் அக்கா கேட்டது:

வணக்கம். என் தம்பி எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வு, மெடிக்கல் எல்லாம் முடித்து மெரிட் லிஸ்ட்டில் வந்துவிட்டான். பரங்கிமலை ஓ.டி.ஏ.வில் (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி) சேரச் சொல்லிக் கடிதம் வருவதுதான் பாக்கி. ஓட்டம், புஷ்-அப் பற்றி ஆலோசனை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கேட்க வந்தது வேறு.

ராணுவ அகாடமிகளில் ஹானர் கோட் உண்டு. பொய் சொல்ல மாட்டேன், திருட மாட்டேன், ஏமாற்ற மாட்டேன், அப்படிச் செய்பவர்களைச் சகித்துக்கொள்ளவும் மாட்டேன் என்பது அதன் சாரம். முதல் மூன்றும் புரிந்துவிட்டது என்றுதான் இருந்தான். உட்கார்ந்து பேசப் பேச அதிலேயே சந்தேகம் வருகிறது. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது, அசைன்மென்ட் வாட்ஸ்ஆப்பில் சுற்றுவது, அட்டெண்டன்ஸுக்குப் பிராக்ஸி, இதையெல்லாம் யாரும் தப்பாகவே நினைக்காத இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து போகிறான். அங்கே எது ஏமாற்று, எது சாதாரண உதவி?

நாலாவது விஷயம் இன்னும் சிக்கல். ஒரே அறையில் படுத்து, ஒரே வரிசையில் ஓடுகிறவன் தப்பு செய்ததைப் பார்த்தால் மேலே போய்ச் சொல்ல வேண்டுமா? சொல்லாவிட்டால் இவனும் குற்றவாளியா? சீனியர் பொய் சொல்லச் சொன்னால்? புகார் இவன் மேலேயே வந்தால் தன் பக்க நியாயத்தை எப்படிச் சொல்வது? பெரிய தத்துவம் வேண்டாம், நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பரேடு கிரவுண்டு:

தம்பிக்கு வாழ்த்துகள். நீங்கள் எழுதியது டேராடூன் ஐ.எம்.ஏ.வின் (இந்திய ராணுவ அகாடமி) வாசகத்தோடு ஒத்துப்போகிறது. அமெரிக்க ராணுவ அகாடமியான வெஸ்ட் பாயின்டிலும் ஏறக்குறைய அதேதான். ஓ.டி.ஏ.வின் குறிக்கோள் வாசகமே மானத்தோடு சேவை செய் என்பது. ஒரு வித்தியாசத்தை மட்டும் தம்பி மனதில் வைத்துக்கொள்ளட்டும். என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) வழியாக ராணுவத்துக்கு வருகிறவனுக்கு அது இருக்கும் கடக்வாஸ்லாவில் மூன்று வருடம், டேராடூனில் ஒரு வருடம் கிடைக்கிறது. ஓ.டி.ஏ.வில் மொத்தமே 49 வாரம். பழைய பழக்கம் தானாக உதிரட்டும் என்று காத்திருக்க நேரம் கிடையாது.

பெரிய திருட்டு, பெரிய பொய் செய்து மாட்டுகிறவர்கள் குறைவு. சின்னச் சின்ன இடங்களில்தான் வழுக்கும். அந்த இடங்களைச் சொல்கிறேன்.

ஃபால்-இன் ரிப்போர்ட், அதாவது வரிசையில் நின்று ஆள் கணக்கு சொல்வது. ‘முப்பது பேர், எல்லோரும் ஆஜர்’ என்று சொல்ல வேண்டிய நேரத்தில் ஒருவன் பாத்ரூமில் இருக்கிறான், அரை நிமிடத்தில் ஓடி வந்துவிடுவான். பொறுப்பில் இருப்பவன் ‘முப்பது ஆஜர்’ என்று சொல்லிவிடுவான். சரியான ரிப்போர்ட், ‘இருபத்தொன்பது ஆஜர், ஒருவர் பேரக்கில்’. அதற்குத் திட்டு விழும், சில சமயம் மொத்த பிளட்டூனும் (அந்தப் பயிற்சிப் பிரிவு) ஓட வேண்டியிருக்கும். ஓடிவிடலாம். நாளைக்கு ராத்திரி ரோந்து முடிந்து திரும்பும்போது இதே வாய் ‘எல்லோரும் வந்துவிட்டார்கள்’ என்று சொன்னால் வெளியே நிற்கிற ஒருவனைத் தேட ஆள் போகாது. அவன் தாமதமாகத் திரும்பி வரும்போது காவலுக்கு நிற்கும் நம் சென்ட்ரியே சுடக்கூடும்.

ஃபயரிங் ரேஞ்ச். எத்தனை ரவுண்டு (தோட்டா) வாங்கினோமோ அத்தனை காலி கேஸ் திரும்ப வர வேண்டும். அங்கே கோகா என்பார்கள். சுட்டு முடித்த ஒவ்வொருவரும் தன்னிடம் வெடிக்காத ரவுண்டோ காலி கேஸோ இல்லை என்று வாயால் அறிவிக்க வேண்டும். பத்து வாங்கினான், எண்ணினால் ஒன்பது. புல்லிலும் மணலிலும் எல்லோரும் குனிந்து தேடுகிறார்கள், வெயில் ஏறுகிறது, வண்டி காத்திருக்கிறது. அந்த நேரத்தில் யாராவது ஒரு பழைய கேஸை எடுத்து நீட்டி ‘இதோ கிடைத்துவிட்டது’ என்பான். கணக்கு நேராகிவிடும். ஆனால் காணாமல் போனது வெடிக்காத ரவுண்டாக இருந்து அது ஒருவனுடைய பவுச்சில் கிடந்தால்? அன்றைக்குத் தேடி முடிக்காததன் விலையை எப்போதாவது ஒருவர் உடம்பால் கொடுப்பார்.

உடல்தகுதித் தேர்வு. 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் வளைவை வெட்டி ஓடுவது, சின்-அப்பை எண்ணும் பட்டி (ஜோடித் தோழன்) ஆறை எட்டு என்று சொல்வது. எண்ணியவனும் ஏமாற்றியவன்தான். தாடை கம்பிக்கு மேலே வராதது எண்ணிக்கையில் சேராது என்று முதல் நாளே பட்டியிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு சங்கடம் இருக்காது.

இரவு நேவிகேஷன். காம்பஸ் கோணம், தூரம், காலடி எண்ணிக்கை வைத்து இருட்டில் புள்ளி புள்ளியாகப் போய் அங்கே இருக்கும் குறியீட்டை எழுதி வர வேண்டும். முதலில் திரும்பிய அணி வழியில் எதிர்ப்பட்டால் குறியீட்டைக் கேட்டு எழுதிக்கொள்ளும் சபலம் வரும். இது கண்டிப்பாக மாட்டும், ஏனென்றால் நேரம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நிலத்தில், அந்த இருட்டில், மூட்டையோடு ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகும் என்பது இன்ஸ்ட்ரக்டருக்கு மனப்பாடம். புள்ளி கிடைக்காவிட்டால் ‘மூன்றாவது புள்ளி கிடைக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் மார்க் மட்டும்தான் போகும்.

அரை உண்மை. ‘பூட்டுக்கு பாலிஷ் போட்டாயா?’ ‘போட்டேன் சார்.’ போட்டது நேற்று. சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, கேட்டவர் புரிந்துகொண்டது பொய். இதுவும் பொய்க் கணக்கில்தான் வரும். ‘இன்று காலை போடவில்லை சார்’ என்று சொல்லி வருகிற தண்டனையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருட்டில் ஒரு சின்ன விஷயம்: இன்ஸ்பெக்ஷனுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து பெல்ட்டையோ பிராஸோ பாலிஷையோ எடுத்துக்கொண்டு ஓடுவது. ‘பிறகு சொல்லிக்கலாம்’ என்று நினைத்தாலும் அந்தப் பக்கத்துக் கட்டில்காரன் பெல்ட் இல்லாமல் நின்று தண்டனை வாங்குகிறான். கேட்டு எடுத்தால் கடன், கேட்காமல் எடுத்தால் எடுத்ததுதான்.

---

லேப் மேனுவல்:

கல்லூரிப் பழக்கம் பற்றிக் கேட்டதால் இதை மட்டும் எழுதுகிறேன். முதல் வருட இயற்பியல் லேபில் காம்பவுண்ட் பெண்டுலம் வைத்து ஈர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கும் சோதனை உண்டு. விடை 9.8 வர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நூறில் எத்தனை பேர் ரீடிங் எடுத்து விடைக்குப் போகிறார்கள்? விடையிலிருந்து பின்னால் நடந்து அலைவு நேரத்தை நிரப்புகிறவர்கள்தான் அதிகம். 9.3 வந்தது, ஸ்டாப்வாட்ச் தாமதமாக அழுத்தியிருக்கலாம் என்று எழுதுகிற மாணவனுக்கு மார்க் குறைகிறது, 9.81 என்று ஜோடித்தவனுக்கு முழு மார்க். தப்பு மாணவனிடம் மட்டும் இல்லை என்பதை ஆசிரியராக இருப்பவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தப் பழக்கத்தோடுதான் பிள்ளைகள் பரங்கிமலைக்குப் போகிறார்கள்.

அங்கே கூடிப் படிக்கத் தடை இல்லை. தடை இருப்பது இரண்டு இடத்தில்: தனியாகச் செய் என்று சொன்ன வேலையைச் சேர்ந்து செய்வதிலும், வாங்கிய உதவியை மறைப்பதிலும். வெஸ்ட் பாயின்டில் வீட்டுவேலையில் யார் எந்த இடத்தில் உதவினார்கள் என்று எழுதிவிட வேண்டும் என்பது விதி. தம்பி இதைக் கேட்காமலே பழக்கமாக்கிக்கொள்ளலாம். பேப்பரின் கீழே ஒரு வரி போதும்: ‘மூன்றாம் கேள்வியின் வரைபடத்தை இன்னாரோடு பேசிப் புரிந்துகொண்டேன், கணக்கு நான் போட்டது.’ ஏ.ஐ. செயலியிடம் கேட்டிருந்தால் அதையும் எழுத வேண்டும். எழுதக் கூச்சமாக இருந்தால் அந்த உதவி வரம்பு மீறியது என்று வைத்துக்கொள்ளலாம்.

தேர்வு எழுதி வந்தவன் எழுதப் போகிறவனிடம் வாயே திறக்கக் கூடாது. ‘கஷ்டமா, ஈசியா’ என்பதுகூட வேண்டாம். வெஸ்ட் பாயின்டில் 1951-ல் இந்தக் கதவு வழியாகத்தான் வீடே இடிந்தது. ஒரே வினாத்தாளை இரண்டு ரெஜிமென்டுக்கு வெவ்வேறு நாளில் கொடுத்தார்கள், முதலில் எழுதியவர்கள் கேள்வியைக் கடத்தினார்கள். கிட்டத்தட்ட 90 பேர் வெளியேறினார்கள், கால்பந்து அணியில் பெரும்பாலோர் அதில் போனார்கள். 1976-ல் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் பாடத்தில் அறைக்குக் கொண்டுபோய்ச் செய்யும் கணக்கு. தனியாகச் செய்யுங்கள் என்று எழுதியே கொடுத்திருந்தும் சேர்ந்து செய்து சுமார் 150 பேர் சிக்கினார்கள். விண்வெளி வீரர் ஃபிராங்க் போர்மன் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். அந்தக் குழு மாணவர்களை மட்டும் குறை சொல்லி நிறுத்தவில்லை, அகாடமிக்கும் இதில் பொறுப்பு உண்டு என்றது. போனவர்களில் பலருக்கு ஒரு வருடம் கழித்துத் திரும்பச் சேர அனுமதி கிடைத்தது. மீறினால் கட்டாய வெளியேற்றம் என்ற ஒரே தண்டனை முறையும் அதன் பிறகு தளர்ந்தது. 2020-ல் கொரோனாவால் வீட்டிலிருந்தே எழுதிய கால்குலஸ் தேர்வில் 73 பேர் மேல் குற்றச்சாட்டு. மாட்டியது எப்படி என்றால், சரியான விடை ஒரே மாதிரி இருப்பது இயல்பு, தப்பான விடையும் ஒரே மாதிரி இருந்தது.

சந்தேகம் வரும் இடத்தில் வெஸ்ட் பாயின்டில் கேடட்களுக்குக் கற்றுத்தரும் மூன்று கேள்விகள் உண்டு. இதனால் யாராவது ஏமாறுகிறார்களா? எனக்கோ இன்னொருவருக்கோ தகுதியில்லாத சலுகை கிடைக்கிறதா? இதை எனக்கு ஒருவர் செய்திருந்தால் நான் ஒத்துக்கொள்வேனா? இதை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டாம். வீட்டில் இருக்கும் இந்த வாரங்களில் தினமும் ஓடிய நேரத்தை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், வினாடியோடு. மோசமான நாளையும் ரவுண்டாக்காமல் எழுதட்டும். 11 நிமிடம் 52 வினாடியை ‘12-க்குள்’ என்று எழுதுகிற கை மாற வேண்டும்.

---

தினமும் சிக் ரிப்போர்ட்:

நான் மருத்துவப் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் ஹானர் கோட் என்றால் பரீட்சை மட்டும் என்று நினைக்கிறார்கள்.

எம்.ஐ. ரூமில், அதாவது அகாடமியின் மருத்துவப் பரிசோதனை அறையில், சொல்லும் பொய்தான் உயிருக்கு ஆபத்தானது. இரண்டு விதம். ஒன்று, ஓட்டத்திலிருந்து தப்பிக்க இல்லாத வலியைச் சொல்வது. இது தெரிந்துவிடும், அவமானத்தோடு போகும். இரண்டாவதுதான் மோசம்: இருக்கிற வலியை மறைப்பது, அல்லது சீனியர் கொடுத்த தண்டனையால் வந்ததை ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்வது.

சென்னை ஏப்ரல், மே வெயிலில், கடல் காற்று ஈரத்தோடு வரும்போது, வியர்வை ஆவியாகாது, உடம்பு ஆறாது. பழக்கமில்லாத உடம்பை நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழச் சொன்னால் தசை நார்கள் சிதையலாம். அப்போது தொடை கல்லாக இறுகும், வலி மறுநாள் குறையாமல் கூடும், சிறுநீர் அடர் பழுப்பாகப் போகும். சிதைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடும். ஆரம்பத்திலேயே நரம்பு வழியாக நிறைய திரவம் ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று கேட்ட டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வலி மாத்திரை கொடுப்பார். அந்த வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்துக்கு இன்னும் கெடுதல். எத்தனை முறை, எவ்வளவு நேரம், என்ன வெயிலில், எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்ற நான்குக்கும் உண்மையான பதில் வேண்டும். யார் செய்யச் சொன்னது என்பதை டாக்டரிடம் அந்த நிமிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, என்ன செய்தாய் என்பதை மாற்றிச் சொல்லக் கூடாது.

கூட இருப்பவன் உளறுகிறான், தள்ளாடுகிறான் என்றால் அது வெப்பத் தாக்கு. யார் மானம் போகும் என்று யோசிக்காமல் உடனே ஆளைக் கூப்பிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

---

கம்பெனி நோட்டீஸ் போர்டு:

முக்கியமான கேள்விக்கு வருகிறேன். சொல்லியே தீர வேண்டுமா?

எல்லா அகாடமியும் இதில் ஒரே மாதிரி இல்லை. வெஸ்ட் பாயின்டிலும் அமெரிக்க விமானப்படை அகாடமியிலும் சகித்துக்கொள்வதே தனிக் குற்றம். வெஸ்ட் பாயின்டில் அந்த வரி எழுத்தில் சேர்ந்தது 1970-ல்தான், பழக்கத்தில் அதற்கு முன்பே இருந்தது. அனாபொலிஸில் இருக்கும் அமெரிக்கக் கடற்படை அகாடமி வேறு வழியில் போகிறது. அங்கே தப்பைக் கண்டவர் அதைச் செய்தவனிடமே நேராகப் பேசித் திருத்தவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஐ.எம்.ஏ.வின் வாசகம் முதல் வகையைச் சேர்ந்தது. தம்பி உள்ளே போனதும் கையில் கொடுக்கும் ஸ்டாண்டிங் ஆர்டரை (நிலையான விதிமுறைத் தொகுப்பு) முதல் வாரத்திலேயே முழுசாகப் படித்துவிட வேண்டும். தூக்கம் வரும், ஆனாலும் படிக்க வேண்டும். அதில் இருப்பதுதான் அவனுக்கு விதி.

பல பேர் போட்டுக் குழப்பிக்கொள்வது ஒழுங்கு மீறலையும் மான மீறலையும். அவுட்-பாஸில் போனவன் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அது ஒழுங்கு. கேட் புத்தகத்தில் சரியான நேரத்தில் வந்ததாக எழுதினால் அது மானம். ராத்திரி லைட்டை அணைத்த பிறகு பிஸ்கட் தின்றால் ஒழுங்கு. கேட்டபோது ‘நான் தின்னவில்லை’ என்றால் மானம். ஹானர் கோட் இரண்டாவதற்குத்தான். கூட இருப்பவனின் ஒவ்வொரு பிஸ்கட்டையும் மேலே சொல்கிறவன் ஹானர் கோடைக் காப்பாற்றவில்லை, அவனை யாரும் நம்பவும் மாட்டார்கள்.

மான மீறல்தான் என்று தெரிந்துவிட்டது, இப்போது என்ன செய்வது? முதலில், கண்ணால் பார்த்ததா, கேள்விப்பட்டதா, ஊகமா என்று பிரிக்க வேண்டும். ஊகத்தை வைத்து நகரக் கூடாது. பார்த்ததாக இருந்தால் அன்றைக்கே, தனியாக, அவனிடமே கேட்க வேண்டும். ‘நீ ஐந்தாவது கேள்விக்கு சிட்டைப் பார்த்ததை நான் பார்த்தேன். என்ன நடந்தது?’ சில சமயம் நாம் பார்த்தது தப்பாக இருக்கும், அது பர்மிஷன் கொடுத்த ஃபார்முலா ஷீட்டாக இருக்கும். உண்மைதான் என்றால் அவனுக்கு ஒரு நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும்: ‘நாளைக்குக் காலை பி.டி.க்கு முன்னால் நீயே பிளட்டூன் கமாண்டரிடம் போய்ச் சொல். வேண்டுமானால் நான் கூட வருகிறேன். நீ போகாவிட்டால் நான் போவேன்.’ ‘யோசித்துச் சொல்’ என்று காலக்கெடு இல்லாமல் விட்டால் இரண்டு பேரும் நாளைத் தள்ளித் தள்ளி, கடைசியில் இவனும் மறைத்தவனாகிவிடுவான். இந்தச் சிக்கலில் பெரும்பாலோர் விழுவது இந்த இடத்தில்தான். கெட்ட எண்ணத்தால் இல்லை, நட்பால்.

தானாகப் போய்ச் சொன்னவனுக்கும் பிடிபட்டவனுக்கும் முடிவில் வித்தியாசம் இருக்கும். அதனால் இந்தக் கெடு அவனுக்குச் செய்யும் உதவி.

கெடு கொடுக்கவே கூடாத விஷயங்கள் உண்டு. வெடிக்காத ரவுண்டு, ஆயுதம், போதைப்பொருள், ஒருவர் உடம்புக்கு ஆபத்து, பாலியல் தொல்லை. ஓ.டி.ஏ.வில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். தொல்லைப் புகாரை ‘பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று பிளட்டூனுக்குள் அமுக்குவது சகிப்பதில் மிக மோசமான வகை. இவற்றை அந்த நிமிடமே அதிகாரியிடம் சொல்ல வேண்டும்.

சொல்லும்போது யாரிடம், எப்படி? பிளட்டூன் கமாண்டரிடம், நேரில். வாட்ஸ்ஆப் குரூப்பில் கிடையாது, மொட்டைக் கடிதமாகக் கிடையாது, உஸ்தாதிடம் (பயிற்சி தருபவர்) ஜாடையாகக் கிடையாது. என்ன பார்த்தேன், எங்கே நின்று பார்த்தேன், மணி என்ன, வேறு யார் இருந்தார்கள். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘அவன் எப்போதுமே இப்படித்தான் சார்’ என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் மொத்தமும் பகைமைப் புகாராக மாறிவிடும்.

சீனியர் பொய் சொல்லச் சொன்னால்? கட்டளைக்குக் கீழ்ப்படிவது சட்டப்படியான கட்டளைக்குத்தான். ‘சார், அதைச் சொல்ல என்னால் முடியாது’ என்று அட்டென்ஷனில் நின்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். விளக்கம், வாதம் வேண்டாம். தண்டனை கொடுத்தால் உடம்பு தாங்கும் வரை செய்யலாம், பொய்யைச் செய்யக் கூடாது. உடம்பைக் கெடுக்கும் தண்டனையாக இருந்தால் மேலே டாக்டர் எழுதியது பொருந்தும். தமிழ்நாட்டில் கல்வி நிலையங்களில் ராகிங்கைத் தடுக்க 1997-லேயே தனிச் சட்டம் வந்தது. சீருடையில் இருப்பதால் ராகிங் பயிற்சியாகிவிடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஹானர் கோடைத் தூண்டிலாக வீசுகிற சீனியர்களும் உண்டு. ‘நேற்று யார் யார் லேட், மானத்தின் மேல் சொல்’ என்று ஒரு மொத்த அறையையும் நிறுத்திக் கேட்பது முறையில்லை. காரணமே இல்லாமல் ஒருவனைத் தன்மேலோ தோழன்மேலோ குற்றம் சாட்ட வைப்பதற்காக இந்தக் கோட் உண்டாகவில்லை. அப்படிக் கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது. ‘என்னைப் பற்றிக் கேளுங்கள் சார், பதில் சொல்கிறேன்’ என்பது பொய்யும் இல்லை, காட்டிக்கொடுப்பதும் இல்லை.

---

பாரிமுனை வக்கீல்:

புகார் தம்பி மேலே வந்தால் என்ன என்பதற்கு என் பங்கு.

வழி பொதுவாக பிளட்டூன் கமாண்டர், கம்பெனி கமாண்டர், அங்கிருந்து மேலே என்று போகும். முடிவு எச்சரிக்கையாகவோ தண்டனையாகவோ இருக்கலாம், ஒரு டெர்ம் கீழே இறக்கும் ரெலிகேஷனாக இருக்கலாம், அகாடமியிலிருந்தே வெளியேற்றும் வித்ட்ராயலாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது மிகக் கனமானது. எந்த ராணுவ அகாடமியிலிருந்தாவது ஒழுங்குக் காரணத்துக்காக வெளியேற்றப்பட்டவர் மறுபடி விண்ணப்பிக்கத் தகுதி இல்லை என்று யு.பி.எஸ்.சி. அறிவிக்கையிலேயே இருக்கிறது. பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டும் பொறுப்பும் வரக்கூடும். சேரும்போது பெற்றோர் கையெழுத்துப் போடும் பத்திரத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போடுங்கள்.

எழுத்து மூலம் விளக்கம் கேட்டால் உட்கார்ந்த இடத்தில் பயத்தில் எழுதித் தள்ளக் கூடாது. குற்றச்சாட்டு என்ன என்று தெளிவாகத் தரும்படி மரியாதையாகக் கேட்கலாம், பதில் எழுத நேரம் கேட்கலாம். இயற்கை நீதி என்பதன் அடிப்படையே அதுதான்: குற்றம் இன்னதென்று தெரிய வேண்டும், பதில் சொல்ல வாய்ப்பு வேண்டும், சம்பந்தப்பட்டவரே தீர்ப்பு சொல்லக் கூடாது. விளக்கத்தில் தேதி, நேரம், இடம். தான் செய்தது ஒரு பத்தி, தான் பார்த்தது ஒரு பத்தி, பிறர் சொல்லிக் கேட்டது தனி, அதில் ‘கேள்விப்பட்டேன்’ என்ற சொல் இருக்க வேண்டும். நினைவில்லாததற்கு ‘நினைவில்லை’ என்று எழுதலாம், அது பொய் இல்லை. நினைவிருந்தும் அப்படி எழுதினால் பொய். வெற்றுத்தாளில் கையெழுத்து, பென்சில் எழுத்தின் கீழ் கையெழுத்து, வேறொருவர் எழுதியதைப் படிக்காமல் கையெழுத்து, மூன்றும் கூடாது. தப்பு செய்திருந்தால் முதல் வாக்கியத்திலேயே ஒப்புக்கொள்வது நல்லது. சின்னக் குற்றத்தை மறைக்கப் போய் விசாரணையில் சொன்ன பொய்தான் ஆளை வெளியே அனுப்பும்.

பயிற்சிக்கு முன்பே வரும் இடங்களைப் பலர் கவனிப்பதில்லை. பின்னணிச் சரிபார்ப்புக்கான அட்டெஸ்டேஷன் படிவத்தில் வழக்கு ஏதாவது உண்டா என்ற கேள்வி இருக்கும். கல்லூரிப் போராட்டத்தில் போட்ட எஃப்.ஐ.ஆர்., அடிதடி வழக்கு, ரத்தான வழக்கு, எதுவாக இருந்தாலும் எழுதிவிட வேண்டும். வழக்கு இருப்பதைவிட மறைத்தது பெரிய குற்றமாகிவிடும், போலீஸ் சரிபார்ப்பில் அது வந்துவிடும். மெடிக்கலில் பழைய எலும்பு முறிவு, லேசர் கண் அறுவை சிகிச்சை, ஆஸ்துமா இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. பயிற்சி முடியும் வரை திருமணம் கூடாது, ரகசியத் திருமணம் தெரிந்தால் வெளியேற்றமும் செலவு வசூலும்தான்.

அதிகாரியான பிறகு இது அகாடமி விதியோடு நிற்காது. 1950 ராணுவச் சட்டத்தின் 45-வது பிரிவு, அதிகாரிக்குத் தகாத நடத்தைக்குப் பதவி நீக்கம் வரை போகும். 57-வது பிரிவு, தெரிந்தே பொய்யான அறிக்கை, பட்டியல், சான்றிதழில் கையெழுத்திட்டால் 14 ஆண்டு வரை சிறை. பரேடு கிரவுண்டு அண்ணன் சொன்ன அந்த ஒன்பது கேஸைப் பத்தாகக் காட்டும் கணக்கில் நாளைக்கு லெப்டினன்டாகக் கையெழுத்துப் போட்டால் அது இந்தப் பிரிவில் வரும்.

---

ஆதம்பாக்கம் அக்கா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தம்பி இரண்டு முறை படித்துவிட்டான். ஒரு கேள்வி மிச்சம் வைத்திருக்கிறான்: சொன்ன பிறகு மற்றவர்கள் பேசாமல் ஒதுக்கினால் 49 வாரத்தை எப்படி ஓட்டுவது?

---

கம்பெனி நோட்டீஸ் போர்டு:

இந்தப் பயம் நியாயமானது, அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். ஒதுக்குவார்கள். எல்லோரும் இல்லை, சிலர், சில வாரம். வெஸ்ட் பாயின்டில் ஒருவனோடு யாரும் பேசாமல் ஒதுக்குவதையே ஒரு காலத்தில் கேடட்கள் தண்டனையாக வைத்திருந்தார்கள், 1973-ல்தான் அதைக் கைவிட்டார்கள். அங்கே அது மீறியவனுக்கு, நம் ஊரில் பெரும்பாலும் சொன்னவனுக்கு.

குறைப்பதற்கு வழி இருக்கிறது. சேர்ந்த முதல் வாரமே, எதுவும் நடப்பதற்கு முன்னால், அறைத் தோழர்களிடமும் பட்டியிடமும் சொல்லிவிட வேண்டும்: ‘நான் பார்த்தால் உன்னிடம் முதலில் சொல்வேன், ஒரு நாள் கொடுப்பேன், பிறகு மேலே சொல்வேன். என்னிடமும் அப்படியே செய்.’ முன்கூட்டியே சொன்னால் அது விதி. நடந்த பிறகு சொன்னால் துரோகமாகத் தெரியும். அடுத்து, சொன்ன விஷயத்தைப் பற்றி யாரிடமும் பேசவே கூடாது, மெஸ்ஸில் தன்னை நியாயப்படுத்தவும் கூடாது. புகாருக்கு ஆளானவனோடு முன்போலவே இருக்க வேண்டும்: ரூட் மார்ச்சில் அவன் தள்ளாடினால் ரைஃபிளை வாங்கிச் சுமக்க வேண்டும், பாடம் கேட்டால் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒதுக்கல் எல்லை மீறி, செய்தியை மறைப்பது, பொருளை ஒளிப்பது என்று போனால் அதுவே தனி மீறல், அதையும் அதே பிளட்டூன் கமாண்டரிடம் அதே முறையில் சொல்லலாம். வீட்டுக்கு போன் செய்யக் கிடைக்கும் நேரம் குறைவு. அப்போது அவன் சோர்ந்து பேசினால் ‘உனக்கெதற்கு வம்பு’ என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள் அம்மா. என்ன நடந்தது, யாரிடம் சொன்னாய், எழுதிக் கொடுத்தாயா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.